பஞ்சு படியாத கல்

— ரூல்படி பாத்தா ரெண்டே ரெண்டுதானுங்க மொதலாளி. சாமான் பெருசா இருக்கோணும், மேல பஞ்சு கெட்டியாப் படிஞ்சிருக்கோணும். ரெண்டும் இருந்தா வெளிய தூக்கிப் போட்டரலாமுங்க.

— யாரு போட்ட ரூலு கிட்டுசாமி இது? கவர்மெண்டா?

— நாந்தானுங்க, காத்தால டீக் குடிக்கறப்பப் போட்டேன். பனியன் கம்பெனியில பஞ்சு பறக்காத நேரம் ஏதுங்க? ஒரு வாரம் கை படாட்டி விரல்ல ஒட்டும். வருசக்கணக்காக் கை படாட்டி கம்பளி போத்துனாப்பல ஆயிரும். விரலை வெச்சுப் பாத்தாப் போதுமுங்க, அந்தச் சாமானை மனுசன் கடைசியா எப்பத் தொட்டான்னு அதே சொல்லிரும்.

— அப்ப இந்த ஓட்டை வாளி, ஒடைஞ்ச நூல்கட்டை, அந்து போன பெல்ட்டு எல்லாம்?

— சில்லறையைத் தொடாதீங்க. நேத்துப் பூராம் சில்லறை பொறுக்குனதுல ஒரு முக்காலி போடற எடந்தானுங்க கெடைச்சுது. வரப்போறது நிட்டிங் மிஷினு, முக்காலி இல்லீங்க. இந்தச் சாக்பீஸ் வட்டத்தைப் பாருங்க. இத்தனை எடமும் காலியா வேணும். அதுக்கு மேல, சுத்தி ஒரு ஆளு தாராளமா நடக்கோணும்.

— வட்டத்தைப் பாத்தா ரேக்ளா வண்டியே திருப்பலாமாட்ட இருக்குதே.

— ஏனுங்க, ரெண்டு பேரும் நெம்ப நல்லாப் பழமை பேசறீங்க. உங்க ரூமுல போனு கத்திக் கத்தி ஓயற நேரத்துல நாந்தான் ஓடிப் போய் எடுத்தேன். லாரி அவினாசிக்கு வந்திருச்சாமா. டிரைவரு சாப்பிட்டதும் கெளம்பறானாமா.

— அடக் கெரகமே! பொழுது சாயத்தான் வரும்னு சொன்னாங்களே பூவாத்தா!

— அதுஞ் செரிங்க. லூதியானாவுல இருந்து வாரவன் உங்களைக் கேட்டுட்டா வருவான்? இன்னொண்ணுஞ் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என்ர தம்பி ஆத்தப்பனும் போன் போட்டுட்டான். மாமனுக்கு எறக்க எடமில்லீன்னா வண்டியை நேரா மண்ணரைக்குத் தாட்டி உட்ருங்க, என்ர ஷெட்டுல எடம் சும்மாதான் கெடக்குதுங்கறான்.

— சொல்லுவான். மிஷினுல பாதி அவன் பங்கு. மிஷினு அங்க போச்சுன்னா நூலு அங்க போகும், நூலு போனா ஆளு போகும், கிட்டுவும் போவான். நான் இங்க உக்காந்து பூட்டுக்குக் காவல் இருக்கோணும். அதோட கம்பெனி முடிஞ்சுது.

— நான் போகமாட்டனுங்க மொதலாளி.

— போகோணும் கிட்டு. நானே போய் அவங்கிட்ட வேலை கேப்பேன். அவந்தான் சேக்கமாட்டான். ஆளை எடை போடத் தெரிஞ்சவன்.

— அப்ப சுருக்கா விரலை வைங்க. மொதல்ல மூட்டை கட்டுன இந்தப் பேலு.

— இதுக்கு விரல் எதுக்கு? மூஞ்சியை வெச்சாப் பொதைஞ்சே போகும்.

— என்ன சரக்குங்க இது? நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து செவுத்தோட செவுறாக் கெடக்குது.

— சொல்றேன், உக்காந்து கேளு. இல்ல, நின்னே கேளு, உக்கார எடமில்ல. சைனாச் சண்டை வந்த வருசம் கல்கத்தாவுல இருந்து ஒருத்தன் ஆர்டர் குடுத்தான். ஊரே வாயைப் பொளந்துச்சு. அளவு ஒண்ணும் எழுதாம மீடியம் சைஸுன்னு மட்டும் எழுதியிருந்தான். எதுடா மீடியம்னு எல்லாரும் முழிச்சப்ப என்ர மகா புத்தி முன்னால வந்து நின்னுச்சு. நான் நெட்டையும் இல்ல, கட்டையும் இல்ல. எனக்குச் செரியா இருந்தா உலகத்துக்கே செரியா இருக்கும்னு, என்னையே அளந்து அத்தனையும் வெட்டச் சொல்லிட்டேன்.

— அதுல என்னுங்க தப்பு? நீங்க அளவான ஒடம்புதானுங்களே?

— அப்ப இப்பிடி இல்ல கிட்டுசாமி. கல்யாண ஊட்டுப் பந்தியில இவீங்களுக்கு மட்டும் ரெண்டு ஆளு எடம் உடுவாங்க.

— பூவாத்தா சொல்றது பொய்யின்னு சொல்ல வாயெடுக்கறேன், வரமாட்டீங்குது. கல்கத்தாக்காரன் ஒரு பனியனைப் பிரிச்சு, அவனும் அவன் தம்பியும் ஒட்டுக்கா உள்ள நொழைஞ்சு பாத்தானாமா. அதுக்கப்பறமும் எடம் மிச்சமாமா. அத்தனையும் ரயிலேத்தித் திருப்பி உட்டுட்டான். இப்ப ஆட்சியே மாறிப் போச்சு, இந்தப் பேலு மட்டும் எடத்தை மாத்தல.

— மோட்டார் ஒர்க்ஷாப்புல கை தொடைக்க வாங்கிக்குவாங்களே. அப்பவே தள்ளி உட்டிருக்கலாமுங்க.

— என்ர ஒடம்பு அளவை எவனோ கிரீஸ் தொடைக்கறதா? கௌரவம் உடல. இப்பத் தூக்கு. கௌரவத்தை வெக்க எடமில்ல.

— கந்தப்பா! தள்ளுவண்டியைக் கொண்டா! பேலு பூராம் வெளிய! செரிங்க, அடுத்தது இந்த மரப்பொட்டி. பெருசுங்க. பஞ்சு முழங்கை வரைக்கும் போகுது. ரூல்படி இதையும்...

— ஐயோ, இழுத்தராதே! செவுரு சாஞ்சிருக்குது.

— பொட்டி செவுத்து மேல சாஞ்சிருக்குதுங்களா?

— இல்லடா, செவுருதான் பொட்டி மேல சாஞ்சிருக்குது. அதை எடுத்தீன்னா அடுத்த ஊட்டு அடுப்படியில என்ன கொழம்புன்னு நேராப் பாக்கலாம். இந்தச் செவுரு கட்டுன கொத்தனாரைத் தேடிப் புடிச்சதும் நாந்தான். கூலி கம்மின்னு.

— அப்ப இது சும்மா கெடக்கற சாமான் இல்லீங்க. சோலியில இருக்குது.

— இந்தக் கம்பெனியில என்னையும் நம்பாம, லீவும் கேக்காம நிக்கறது அது ஒண்ணுதான். உட்ரு. அந்தப் போர்டைப் பாரு.

— கதவாட்டம் இருக்குதுங்களே. "திருப்பூர் – கல்கத்தா". கல்கத்தாவுல நமக்குப் பிராஞ்சு இருந்துச்சுங்களா?

— இருக்குதே. இதுதான் பிராஞ்சு. இத்தனை நாளாச் செவுத்துல சாத்தி வெச்சு நடத்திட்டு இருக்கறேன்.

— கீழ என்னமோ கொடி கொடியா எழுதியிருக்குதுங்களே?

— அதையேன் கேக்கறே கிட்டுசாமி. வங்காளி எழுத்துல எழுதுன்னு இவீங்க பெயிண்டருகிட்டச் சொன்னாங்க. அவனுக்கு ஊத்துக்குளி தாண்டுனா எழுத்தே தெரியாது. பூவும் கொடியுமா வரைஞ்சு குடுத்துட்டுக் கூலி வாங்கிட்டுப் போயிட்டான். இவீங்க அதை வாரவன் போறவனுக்கெல்லாம் விரல் வெச்சுப் படிச்சுக் காட்டுனாங்க.

— நல்லாவும் படிச்சேன். ஒருத்தனும் தப்புன்னு சொல்லல. தூக்கிப் போடுங்கப்பா அதையும்.

— ம்ம். பேலும் போர்டும் போச்சு. இப்ப மிஷினு நிக்குமுங்க. ஆனா ஆளு நடக்க முடியாது. நூலு அந்து போனா யாரு போய் முடிச்சுப் போடறது? இன்னும் ஒரு பெருசு போயே ஆகோணும் மொதலாளி.

— ஒண்ணு இருக்குது. சொல்ல வேண்டாம்னு பாத்தேன். அதா, அந்த மூலையில, சாக்குப் போட்டு மூடி. நானே கொண்டாந்து வெச்சது. இந்த ஷெட்டுல அதைவிடப் பெருசும் இல்ல, அதைவிடத் தண்டமும் இல்ல.

— அ... அது வேண்டாமுங்க மொதலாளி.

— ஏண்டா? அந்தப் பக்கம் ஒருத்தரும் போறதே இல்ல. உன்ர ரூல்படி பஞ்சு மொழக்கணக்குல இருக்கோணும். இதா பாரு, சாக்குக்குள்ள கைய உட்டு, விரலை வெக்கறேன்... என்னடா இது? வழுக்குது.

— எண்ணெய்ங்க.

— எண்ணெயா?

— நல்லெண்ணெய்ங்க. வெள்ளிக்கெழமையானாச் சாத்துவோம். குழந்தையம்மா தெனமும் வந்ததும் பஞ்சைத் தொடைச்சு, ஒரு பொட்டு வெச்சுட்டுத்தான் நூல் சுத்தவே உக்காருமுங்க. சாக்கை நடுவுல பிரிச்சுத் திரையாட்டம் தெச்சிருக்கறோம். உங்க ரூம் கதவு தொறக்கற சத்தம் கேட்டா இழுத்து மூடிருவோமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குச் சாமி பக்தி கொஞ்சம் கம்மீன்னு...

— பூவாத்தா, என்னையக் கொஞ்சம் புடிச்சுக்கோ.

— நில்லுங்க, நில்லுங்க. செவுத்துல சாயாதீங்க, அது பொட்டியை நம்பி நிக்குது.

— கிட்டு, பொறுமையாச் சொல்லு. இது என்ன சாமி?

— என்னுங்க இப்பிடிக் கேட்டுட்டீங்க! முனியப்பனுங்க. உருட்டி முழிக்கற கண்ணு, காது வரைக்கும் மீசை, காலை மடிச்சு உக்காந்த கோலம். நான் வேலைக்குச் சேந்தப்பவே கையில மஞ்சத்துணி முடிஞ்சு, நெத்தியில சந்தனத்தோட இருந்தாருங்க. ஆயுதத்தைப் பாருங்க, ரெட்டை வாயி! வேற எந்த ஊரு முனியப்பன்கிட்டயும் இந்த ஆயுதம் இல்லீங்க.

— அது கத்திரிடா. துணி வெட்டற கத்திரி.

— பனியன் ஊரு முனியப்பன் கத்திரி வெச்சிருக்காம பின்ன என்னத்த வெச்சிருப்பாருங்க? கந்தப்பன் கத்தறான், பேலு கதவுல சிக்கிக்கிச்சாட்ட இருக்குது. பாத்துட்டு வாரனுங்க.

— போயிட்டானா? சிரிக்காதே பூவாத்தா.

— நான் எங்கீங்க சிரிச்சேன்?

— மூஞ்சியை அக்கட்ட திருப்பிக்கிட்டா எனக்குத் தெரியாதா? திருமுருகன்பூண்டி ஆசாரிகிட்ட நான் என்ன சொன்னேன்? கல்கத்தா ஆர்டர் வந்த ஜோருல, கம்பெனி வாசல்ல வெக்கறதுக்கு என்ர செலை ஒண்ணு செய்யி, கையில கத்திரி குடு, கீழ ஸ்தாபகர் ரத்தினசாமின்னு வெட்டுன்னுதானே சொன்னேன்?

— அவரு அப்பவே சொன்னாருங்க, பொறந்ததுல இருந்து சாமி செலை தவிர வேற அடிச்சதில்லீன்னு. கண்ணாடி போட்ட மூஞ்சி கல்லுல வராதுன்னாரு. நீங்கதான் கண்ணாடி வேண்டாம், அதுக்குப் பதுலா மீசையைக் கொஞ்சம் எச்சா வையின்னு சொல்லிட்டு வந்தீங்க.

— அவன் கொஞ்சத்துல நிறுத்தாம காது வரைக்கும் இழுத்துட்டான். பேரு வெட்டறதுக்குள்ள பேலு திரும்பி வந்துருச்சு. ஊரு சிரிக்கறதுக்குள்ள கொண்டாந்து சாக்கைப் போட்டு மூடுனேன். இப்ப அதுக்கு வாரம் தவறாம எண்ணெய்க் காப்பு. என்ர தலைக்கு எண்ணெய் வெக்க ஊட்டுல ஒரு நாதியில்ல.

— தலையில எங்கீங்க வெக்கறது? எடம் காட்டுங்க, வெக்கறேன்.

— பேலு போயிருச்சுங்க மொதலாளி! என்னுங்க, சாமியையே பாத்துட்டு நிக்கறீங்க?

— ஒண்ணுமில்ல கிட்டு. மூஞ்சி எப்பிடி இருக்குது, சொல்லு. களையா இருக்குதா?

— களைக்கென்னுங்க, பாத்தாக் கையெடுத்துக் கும்புடத் தோணும். மூக்கு மட்டும்... கோவிச்சுக்காதீங்க, உங்க மூக்காட்டம் கொஞ்சம் கோணலா இருக்குது. ஆசாரி உளி தவறிருச்சாட்ட இருக்குதுன்னு நாங்க பெருசு பண்ணிக்கலீங்க.

— நல்ல மனசு உங்களுக்கு. கேட்டாக் குடுக்குதா?

— குடுக்காமீங்களா? நல்லான் தங்கச்சிக்கு மாப்பிளை அமைஞ்சுது. என்ர மூட்டு வலி போச்சு. குழந்தையம்மா பேத்திக்குக் காச்சல் நின்னுச்சு. எல்லாரும் ஒட்டுக்காச் சேந்து வேண்டுனது ஒண்ணுதான் இன்னும் பலிக்கலீங்க.

— என்னது அது?

— மொதலாளிக்கு நல்ல புத்தி குடு சாமீன்னு.

— அது அதுங்கிட்ட இருந்தாத்தானே கிட்டு குடுக்கும். செரி, போதும். இதைப் பூண்டிக்கே திருப்பி அனுப்புங்க. ஆசாரி ரெண்டு ஆட்டாங்கல் அடிச்சுக் குடுக்கட்டும். தோசைக்கு மாவாவது ஆட்டலாம்.

— மொதலாளி, இது வெளிய போனா நானும் போயிருவனுங்க. நான் மட்டுமில்ல, உள்ள இருக்கற ஒரு பொம்பளையும் நாளைக்கு வேலைக்கு வராது. மிஷினை மண்ணரைக்கே திருப்பிக்கிங்க.

— இப்பத்தானேடா போகமாட்டேன்னே!

— அது உங்களுக்காகச் சொன்னதுங்க. இது சாமி காரியம்.

— கேட்டியா பூவாத்தா? எனக்கும் எனக்கும் போட்டி, நான் தோத்துட்டேன்.

— அவன் சொல்றதும் ஞாயந்தானுங்க. பஞ்சு இல்லாததைத் தூக்கக் கூடாதுன்னு ரூலு இருக்குதே. பெருசா இன்னொண்ணு பாக்கி இருக்குதுங்க, அதைப் பாருங்க. சன்னலோரத்துல, நல்ல வெளிச்சத்துல, பலகையடிச்சுக் கண்ணாடி போட்டு நிக்குது.

— அது என்ர ரூமு!

— ஒரு விரல் வெச்சுப் பாத்தரலாமுங்களா?

— என்ன பேசறே? காத்தால உள்ள போறேன், பொழுதோட வெளிய வாரேன். தெனம் பொழங்கற ரூமு அது.

— பொழங்கறது வேற, உள்ள உக்காந்திருக்கறது வேறீங்க. கிட்டுசாமி, கதவைத் தொற.

— ஐயோ மொதலாளி. இந்த மேசை மேல விரல்லயே பேரு எழுதலாமுங்க. மைக்கூடு காஞ்சு வெடிச்சிருக்குது. இந்தச் சாம்பிள் பொட்டியைத் தொறந்தே வருசமாச்சாட்ட இருக்குது, பூட்டு தெரியாமப் பஞ்சு மூடிருச்சு.

— நாற்காலியைப் பாரு! நாற்காலியில பஞ்சு இருக்குதா?

— இல்லீங்க. பளபளன்னு இருக்குது.

— பாத்தியா பூவாத்தா!

— நாற்காலியை எங்க வேணும்னாலும் போட்டுக்கலாமுங்க. அதுக்கு எதுக்கு ஒரு ரூமு?

— போனு? போனு மேல?

— போனுலயும் பஞ்சு இல்லீங்க மொதலாளி. அதுல நாந்தானுங்க வந்து பேசறேன். நீங்க கண்ணை மூடிட்டு இருப்பீங்க, எழுப்ப வேண்டாம்னு மெதுவாப் பேசுவேன்.

— தெரியும்டா. நானும் தூங்கறாப்பலதான் இருப்பேன். பூவாத்தா, இங்க வா. பேலு திரும்பி வந்தன்னைக்கு ஆளுக மூஞ்சியில முழிக்கறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்துனேன். நாளைக்கு வெளிய வந்தரலாம்னுதான் நெனைச்சேன். மக்யா நாளும் அதேதான் நெனைச்சேன்.

— தெரியுமுங்க.

— வெளிய வந்து நான் என்ன பண்ணுவேன்னு சொல்லு. அளவு எடுக்கவா?

— அது மட்டும் வேண்டாமுங்க. மிஷினுகிட்ட நில்லுங்க. ஓடற துணியில ஓட்டை விழுந்தா உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாலயே எங்கப்பன் சொல்லித்தான் என்னையக் குடுத்தாரு. மூக்கைப் பாத்தா குடுத்தாரு?

— அக்கா சொல்றது செரிங்க மொதலாளி. ரூல்படி மிஷினுக்கு சன்னலோரந்தானுங்க நல்ல எடம். வெளிச்சத்துல ஓட்டை தெரியும். வந்த நாள்ல இருந்து நெனைக்கறேன், சொல்லத்தான் வாய் வரல.

— கடப்பாரையைக் கொண்டா கிட்டு. மொதப் பலகையை நானே பேக்கறேன். தள்ளுங்க... ஹ்ம்... அட, ஒரே இழுப்புக்கு வந்துருச்சே!

— ஆணி துருப்புடிச்சு இத்துப் போயிருக்குதுங்க. தொட்டாலே வந்திருக்கும்.

— இத்தனை நாளா அதைத் தொடாம உள்ள உக்காந்து காவல் காத்தேன் பாரு, என்ர மகா புத்தி. இதா, கண்ணாடிப் பக்கமும் வந்துருச்சு. மேசையைத் தூக்குங்க. என்ன வெளிச்சம்டா! இது இந்த ஷெட்டுதானா?

— நடந்து பாருங்க மொதலாளி. தாராளமாச் சுத்தி வரலாம். வட்டத்தை அழிச்சு இங்க போடறனுங்க. ஆரன் கேக்குது, லாரி சந்துக்குள்ள வந்துருச்சு!

— போ, போ. டிரைவர்கிட்டச் சொல்லு, மண்ணரை வேண்டாம், இங்கதான்னு. கிட்டு, ஒரு நிமிசம் நில்லு. அந்தச் சாமி கையில மஞ்சத்துணின்னு சொன்னியே, நெறம் போய்க் கெடக்குதே, அது யாரோட வேண்டுதல்?

— அது யாருக்கும் தெரியாதுங்க. அதைப் பாத்துத்தானே எல்லாருமே இவரு சாமீன்னு கும்புட ஆரம்பிச்சோம். உள்ள காசு முடிஞ்சிருக்குது. இன்னும் அவுக்கலீங்க, பலிக்கல போல. வாரனுங்க!

— கேட்டியா பூவாத்தா? எவளோ ஒருத்தி, பைத்தியக்காரி, என்னையப் பாத்து நேந்து காசு முடிஞ்சிருக்கறா. அப்பிடி என்னத்தக் கேட்டாளோ, பாவம்.

— பெருசா ஒண்ணுமில்லீங்க. கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கற ஆளு வெளிய வந்தாப் போதும்னுதான்.

— பூவாத்தா... நீயா?

— உங்ககிட்ட எத்தனையோ நாளு சொல்லிப் பாத்துட்டேன், காதுலயே போட்டுக்கலீங்க, கல்லுகிட்டச் சொன்னாவாவது உங்களுக்குக் கேக்குமான்னு பாத்தேன். செரி, தள்ளி நில்லுங்க, லாரி உள்ள வாரதுக்குள்ள முடிச்சை அவுக்கோணும்.